மூசாம்பரத்தில் தொடங்கிய கடிதங்கள்

போன இதழில் ஒரு வாசகி, சுளுக்குக்கு மூசாம்பரப் பற்று எப்படிப் போடுவது என்று கேட்டிருந்தார். பதில் எழுதும்போது ‘மூசாம்பரம் அரபுச் சொல்’ என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டேன். பற்றைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. வந்த கடிதமெல்லாம் அந்த ஒரு வரிக்குத்தான். ஆகவே வழக்கமான சளி, இருமல், மூட்டுவலிக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, யுனானி என்கிற அரபு மருத்துவம் குறித்து வந்தவற்றுக்கு மட்டும் இந்த முறை பதில் சொல்கிறேன். இந்தப் பகுதியைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் மருத்துவர் அல்ல. மேலப்பாளையத்தில் பிறந்து, பாளையங்கோட்டையில் நாற்பத்தொரு வருஷமாக நாட்டு மருந்துக் கடை நடத்துகிறவன். கடையைத் தொடங்கியது வாப்பா. அவருடைய வாப்பா, ஒரு ஹக்கீமிடம், அதாவது யுனானி வைத்தியரிடம், சரக்கு இடித்து, சலித்து, பொட்டலம் கட்டிக் கொடுத்தவர்.

கேள்வி: மூசாம்பரம் எங்கள் ஆச்சி காலத்து மருந்து. கற்றாழை வேலி ஓரத்தில் தானாக முளைப்பது. அதற்கு எப்படி அரபுப் பெயர் வரும்?
– இல்லத்தரசி, தென்காசி

பதில்: செடி வேறு, சரக்கு வேறு அம்மா. வேலியில் நிற்கும் செடிக்குப் பெயர் கற்றாழைதான். அதன் மடலை அடியில் வெட்டிச் சாய்த்துவைத்து, வடிகிற மஞ்சள் சாற்றைப் பிடித்து, காய்ச்சி இறுகவிட்டால் கண்ணாடிச் சில்லு மாதிரி உடையும் கறுப்புக் கட்டி கிடைக்கும். அது கடல் வழியாக மூட்டை மூட்டையாக வந்த வியாபாரச் சரக்கு. அரபியில் கற்றாழைக்கு ‘ஸப்ர்’ என்று பெயர். அதையொட்டிப் பிறந்த ‘முஸப்பர்’தான் நம் வாயில் மூசாம்பரம் ஆயிற்று. அரபிக்கடலில் இருக்கிற ஸுகுத்ரா தீவின் கட்டியை உயர்ந்த ரகம் என்று அரபு மருந்து நூல்கள் கொண்டாடின. தமிழில் கரியபோளம் என்றும் சொல்வதுண்டு; ஆனாலும் பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க வாங்க வருகிறவர்கள் மூசாம்பரம் என்றுதான் கேட்கிறார்கள்.

வாப்பா செய்வித்த தேக்கு அலமாரி இன்னும் கடையில் இருக்கிறது. அதன் இழுப்பறைகளில் ஒட்டியிருக்கும் பெயர்களைப் படித்தாலே பாதி சரித்திரம் தெரிந்துவிடும். இரேவல்சின்னி பாரசீகத்து ‘ரேவந்த் சீனி’, அதாவது சீனத்து ரேவந்து வேர். இசப்புகோல் பாரசீகத்தில் ‘குதிரைக் காது’. விதையின் வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். அக்கரகாரம் அரபியின் ‘ஆகிர் கர்ஹா’. வட ஆப்பிரிக்காவில் விளைகிற வேர். பல்வலி என்று வருகிறவரிடம் ஒரு துணுக்கைக் கொடுத்து வலிக்கிற பல்லுக்கு அருகே அடக்கிக்கொள்ளச் சொல்வேன். கொஞ்ச நேரத்தில் நாக்கு சுறுசுறுவென்று எரியும், எச்சில் குபுகுபுவென்று ஊறும், பிறகு மரத்துப்போகும். புதுச் சரக்கு வந்து இறங்கியதும் வாப்பா முதலில் தன் நாக்கில் வைத்துப் பார்ப்பார். எரியவில்லை என்றால் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

உங்கள் ஆச்சி உரை மருந்து இழைத்த கல்லை நினைத்துப் பாருங்கள். வசம்பு, கடுக்காய், சாதிக்காயோடு மாசிக்காயும் அதில் இருந்திருக்கும். காய் என்கிறோமே தவிர அது காய் அல்ல. துருக்கி, சிரியா, ஈரான் பக்கத்து ஓக் என்கிற கருவாலி மரத்தின் கிளையில் ஒரு சின்னக் குளவி முட்டையிட, அந்த இடம் வீங்கி உருண்டையாகிறது. பாரசீகத்தில் இதற்கு ‘மாஸூ’ என்று பெயர். அடுத்த முறை வாங்கும்போது உருட்டிப் பாருங்கள். குண்டூசி நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்தால் குளவி வளர்ந்து வெளியேறிவிட்டது, துவர்ப்பும் குறைந்துவிட்டது என்று பொருள். ஓட்டை இல்லாத, கனமான, நீலம் பாய்ந்த காய்தான் முதல் தரம். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்த குளவிக்கூட்டை நம் ஊர்ப் பாட்டிமார் தாய்ப்பாலில் இழைத்துப் பச்சைப் பிள்ளையின் நாக்கில் தடவியிருக்கிறார்கள். இதை நினைக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஆச்சரியம் தீர்வதில்லை.

கேள்வி: யுனானி என்றாலே கிரேக்கம் என்றுதானே பொருள்? அரபிகள் மொழிபெயர்த்ததைத் தவிரச் சொந்தமாக என்ன செய்தார்கள்?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: பொருள் சரி. அயோனியா என்ற கிரேக்கப் பகுதியின் பெயர்தான் அரபியில் யூனான் ஆனது. சங்கப் பாட்டில் வருகிற யவனரும் அதே ஊர்ப்பெயரிலிருந்து வந்தவர்களே. ஆனால் ‘மொழிபெயர்த்ததைத் தவிர’ என்று நீங்கள் எழுதியதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை, தம்பி.

ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்று ஒருவர். 9-ஆம் நூற்றாண்டு, பாக்தாத், மதத்தால் கிறிஸ்தவர். கிரேக்க மருத்துவர் காலன் எழுதியவற்றில் 129 நூல்களைப் பட்டியல் போட்டு, எது யாரால் எப்போது பெயர்க்கப்பட்டது, எந்தப் பெயர்ப்பு மோசம், எதைத் தாம் திருத்தினார் என்று எழுதிவைத்திருக்கிறார். அவற்றில் ஒரு நூலின் மூலத்துக்காக மெசபடோமியா, சிரியா, பாலஸ்தீனம் என்று அலைந்து அலெக்சாண்டிரியா வரை போனார். கிடைத்ததோ டமாஸ்கஸில் ஏறக்குறையப் பாதி; அதுவும் ஒழுங்கு குலைந்த ஏடுகள். ஒரே நூலுக்குப் பல பிரதிகளைச் சேர்த்து, வரிக்கு வரி ஒப்பிட்டு, சரியான பாடத்தை நிறுவிய பிறகே பெயர்க்க உட்காருவது அவர் வழக்கம். நம் ஊரில் ஏடு ஏடாகத் தேடி அலைந்து பதிப்பித்தவர்களின் உழைப்பை அறிந்தவர்கள் இதைச் சின்ன வேலை என்று சொல்ல மாட்டார்கள்.

சொந்தமாகச் செய்ததைக் கேட்டீர்கள். பெரியம்மையும் தட்டம்மையும் வேறுவேறு நோய்கள் என்று பிரித்துக் காட்டித் தனி நூல் எழுதியவர் அர்ராஸி. இதயத்தின் வலப்பக்க இரத்தம் நடுச்சுவரைத் துளைத்து இடப்பக்கம் போகிறது என்று காலன் சொன்னதை மறுத்து, அது நுரையீரல் வழியாகத்தான் சுற்றிப் போகிறது என்று 13-ஆம் நூற்றாண்டில் எழுதியவர் இப்னு நஃபீஸ். இவையெல்லாம் மருத்துவர்களின் பெருமை. கடைக்காரனான எனக்கு இவற்றைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று: மருந்து செய்வதைத் தனித் தொழிலாக்கியது. நோயைப் பார்ப்பவர் ஒருவர், மருந்தைச் செய்து நிறுத்துக் கொடுப்பவர் இன்னொருவர் என்ற பிரிவு பாக்தாதில்தான் உருப்பெற்றது. 869-இல் இறந்த ஸாபூர் இப்னு ஸஹ்ல் எழுதிய ‘அக்ராபாதீன்’ என்ற மருந்து செய்முறை நூலை ஆஸ்பத்திரிகளில் வைத்துப் பயன்படுத்தினார்கள். எந்தச் சரக்கு, எவ்வளவு எடை, எந்த வரிசையில் சேர்ப்பது என்று எழுத்தில் இருந்தது. சொந்தக் கைப்பக்குவம் என்று மறைத்துவைக்க அங்கே இடமில்லை.

மருந்துக்கடைக்காரருக்கு அரபியில் ‘ஸைதலானி’, ‘ஸைதனானி’ என்று பெயர். 11-ஆம் நூற்றாண்டு அறிஞர் அல் பிரூனி தம் மருந்து நூலில் இந்தச் சொல்லுக்குத் தரும் விளக்கம், இது இந்தியாவின் சந்தனத்திலிருந்து வந்தது என்பது. சந்தனம் விற்றவர் என்பது மருந்து விற்றவர் என்று விரிந்ததாம். அதைப் படித்த நாளில் நான் போய் என் சந்தனக்கட்டை இழுப்பறையைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி: நாம் வாங்கியதை மட்டுமே எழுதுகிறீர்கள். அவர்கள் நம்மிடம் வாங்கியது ஒன்றுமில்லையா? சித்தர் மரபுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
– சித்த மருத்துவர், நாகர்கோவில்

பதில்: நிறைய இருக்கிறது ஐயா. கலீஃபா ஹாரூன் ரஷீத் காலத்தில், அவருடைய பர்மக்கி குடும்பத்து மந்திரிகளின் ஏற்பாட்டில் மன்கா என்ற இந்திய மருத்துவர் பாக்தாதில் இருந்து சுஸ்ருதரை மொழிமாற்றிக் கொடுத்தார். 850 வாக்கில் அலீ இப்னு ரப்பான் தபரீ எழுதிய ‘ஃபிர்தவ்ஸுல் ஹிக்மா’வின் கடைசிப் பகுதி முழுக்க இந்திய மருத்துவம். சரக்குகளில் நம் கடுக்காய் அங்கே ‘ஹலீலஜ்’, தான்றிக்காய் ‘பலீலஜ்’, நெல்லிக்காய் ‘அம்லஜ்’. ஹரீதகி, விபீதகி, ஆமலகி என்பதன் சாயல் காதில் விழுகிறதல்லவா? நம் சர்க்கரை பாரசீகத்தில் ‘ஷகர்’ ஆகி, அரபியில் ‘ஸுக்கர்’ ஆகி, அங்கே மருந்தைக் கெடாமல் வைக்கும் பாகாக மாறியது. அதுவே ‘ஷர்பத்’ என்று திரும்பி வந்து, இன்று திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் நன்னாரியோடும் எலுமிச்சையோடும் கிளாஸில் நிற்கிறது. போனது வெல்லப்பாகு, வந்தது சர்பத். இதில் யார் கடன்காரர் என்று கணக்குப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

சித்தர் மரபில் யாகோபு என்ற பெயர் உங்களுக்குத் தெரியாததல்ல. இராமதேவர் மக்கா சென்று யாகோபு ஆனார் என்பது மரபு வழிச் செய்தி. அதைச் சரித்திரமாக எடுத்துக்கொள்ளாவிட்டாலும், சித்தர் கூட்டத்துக்குள் அரபு தேசம் போய்வந்த ஒருவரை வைத்துப் பார்க்க நம் முன்னோருக்குக் கூச்சமில்லை என்பது தெரிகிறதே, எனக்கு அதுவே போதும். தஞ்சையில் 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி நடத்திய தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஐரோப்பிய வைத்தியம் தெரிந்தவர்கள் ஒரே கூரையின் கீழ் இருந்து பலன் தந்த மருந்துகளைக் குறித்துவைத்தார்கள்.

கேள்வி: நாடி பார்ப்பது அரபிகளிடமிருந்து வந்தது என்று என் நண்பர் வாதாடுகிறார். உண்மையா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: சரகர், சுஸ்ருதர் நூல்களில் நாடி பிடித்துப் பார்க்கும் முறை விளக்கப்படவில்லை. அவர்களுக்குப் பல நூற்றாண்டு பிந்திய சார்ங்கதரர் நூலில்தான் வருகிறது. அதே நூலில்தான் அரபு வழி வந்த அபினும் அக்கரகாரமும் வருகின்றன. ஆகவே உங்கள் நண்பர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அப்படியே தூக்கிக் கொண்டுவந்து வைத்தது என்றும் சொல்ல முடியாது. அரபியில் பெரிய மருத்துவ நூல் எழுதிய இப்னு ஸீனா நாடியைப் பத்து வகையில் எடைபோடுகிறார். துள்ளும் நாடிக்கு மான், ஊர்வதற்கு எறும்பு, போகப் போக மெலிவதற்கு எலிவால் என்று அங்கே பெயர். நம் நாடி நூல்கள் வாதத்துக்கு அன்னம், கோழி, மயில் என்றும், பித்தத்துக்கு ஆமை, அட்டை என்றும், ஐயத்துக்குத் தவளை, பாம்பு என்றும் சொல்கின்றன. அவர்களுக்குத் தோஷம் நான்கு: தம் என்கிற இரத்தம், பல்கம் என்கிற சளி, ஸஃப்ரா என்கிற மஞ்சள் பித்தம், ஸவ்தா என்கிற கரும்பித்தம். நமக்கு மூன்று. விரல் வைக்கிற இடம் ஒன்றாக இருக்கலாம். விரலுக்குக் கீழே அவரவர் கேட்டது வேறு.

கேள்வி: ‘யுனானி ஹக்கீம் வருகை’ என்று லாட்ஜில் அறை எடுத்து நோட்டீஸ் ஒட்டுகிறவர்களைத்தான் எங்களுக்குத் தெரியும். இந்த மருத்துவத்தை எப்படி நம்புவது?
– வாசகர், சேலம்

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்தபோது கோபம் வரவில்லை, வருத்தமாக இருந்தது. உங்கள் சந்தேகத்தில் தவறில்லை. ‘ஹக்கீம்’ என்றால் அரபியில் அறிஞர். அந்தச் சொல்லைச் சுவரொட்டிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஆறேழு வருஷத்துக்கு முன்னால், வாடிக்கையாகக் கருஞ்சீரகம் வாங்க வரும் ஒரு பெரியம்மா கடைவாசலில் வந்து நின்றார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் பந்து போல் உப்பியிருந்தது, கண் இடுங்கிப் போயிருந்தது. மூட்டுவலிக்கு ஊர் ஊராக வருகிற ஒருவரிடம் நான்கு மாதமாகப் பொடி வாங்கித் தின்றிருக்கிறார். மூன்றே நாளில் வலி நின்றது, நடந்தே தர்காவுக்குப் போனேன் என்று சந்தோஷமாகச் சொன்னார். அந்த மூன்று நாள்தான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. மூலிகை அவ்வளவு வேகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. பொட்டலத்தை வாங்கி வாயில் வைத்தேன். சுக்கு, மூட்டுவலிச் சரக்கான சுரஞ்சான் வாசனைக்குப் பின்னால் ஒரு மாத்திரைக் கசப்பு. அவர் மகனிடம் சொல்லி ஆய்வகத்துக்கு அனுப்பச் செய்தோம். ஸ்டீராய்டு என்று வந்தது. டக்கென்று நிறுத்தினாலும் ஆபத்து என்பதால், டாக்டரிடம் சேர்த்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அவரை மீட்க எட்டு மாதம் ஆயிற்று.

போலி வைத்தியம் என்ற இந்த நோயும் இதற்கான மருந்தும் அரபு மருத்துவத்துக்குப் புதிதல்ல. 931-இல் பாக்தாதில் ஒரு வைத்தியரின் தவறால் நோயாளி ஒருவர் இறந்துபோனார். கலீஃபா முக்ததிர், இனி அரண்மனை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித் தேர்வு வைத்துத் தகுதிச் சீட்டு கொடுத்தால் ஒழிய யாரும் வைத்தியம் பார்க்கக்கூடாது என்று ஆணையிட்டார். அந்த ஊரில் மட்டும் 860-க்கும் மேற்பட்டவர்கள் தேர்வுக்கு வந்து நின்றார்கள். சந்தையில் எடையையும் தரத்தையும் சோதிக்க ‘முஹ்தஸிப்’ என்ற அதிகாரி இருந்தார். எந்தச் சரக்கில் எதைக் கலப்பார்கள், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவருக்காகவே கையேடுகள் எழுதப்பட்டன. 12-ஆம் நூற்றாண்டில் ஷைஸரீ எழுதியது ஒன்று இன்றும் இருக்கிறது.

இன்றைய நிலவரம் இதுதான். யுனானிப் பட்டப்படிப்பு பி.யு.எம்.எஸ். நான்கரை வருஷம் படிப்பு, ஒரு வருஷம் பயிற்சி. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி 1979 முதல் நடக்கிறது. வைத்தியரிடம் பதிவு எண் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. மருந்து டப்பாவில் உற்பத்தி உரிம எண், தொகுதி எண், சேர்க்கப்பட்ட சரக்குகளின் பெயர், காலாவதித் தேதி இருக்க வேண்டும். பெயர் இல்லாத பொட்டலத்தை யார் கொடுத்தாலும், நானே கொடுத்தாலும், வாங்கி விழுங்காதீர்கள். சர்க்கரை நோயையும் ஆண்மைக் குறைவையும் தீர்ப்பதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம்.

ஹக்கீம் என்ற சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. டில்லியில் திப்பியா கல்லூரியை நிறுவியவர் ஹக்கீம் அஜ்மல் கான். 1921-இல் காந்தியடிகள் வந்து அதைத் திறந்துவைத்தார். சர்ப்பகந்தா வேரை வேதியியல் முறையில் ஆராயத் தூண்டியவரும் அவரே. அவர் மறைந்த பிறகு, அந்த வேரிலிருந்து பிரித்த பொருள் ஒன்றுக்கு வேதியியலாளர் ஸலீமுஸ்ஸமான் ஸித்தீகி ‘அஜ்மலின்’ என்று பெயர் சூட்டினார். இதய மருத்துவர்கள் இன்றும் அந்தப் பெயரை அறிவார்கள்.

கேள்வி: மூன்று ஏக்கரில் அவுரி போட்டிருக்கிறேன். இது அரபு நாட்டுச் செடி என்கிறார் வியாபாரி. நிஜமா? இலையை எதற்கு வாங்குகிறார்கள்?
– விவசாயி, விளாத்திகுளம்

பதில்: நிஜம்தான் அண்ணாச்சி. அரபியில் ‘ஸனா’, மக்காவின் பெயரைச் சேர்த்து ‘ஸனா மக்கி’ என்பார்கள். மலச்சிக்கலுக்கு இதைக் கொடுக்கும் வழக்கத்தை ஐரோப்பாவுக்குக் கற்பித்தவர்கள் அரபு மருத்துவர்கள். தமிழில் நிலாவாரை, நிலவாகை. நம் வானம் பார்த்த கரிசலும் செம்மணலும் இதற்கு வாகாக அமைந்ததால், 19-ஆம் நூற்றாண்டிலேயே லண்டன் சந்தையில் ‘டின்னவெல்லி சென்னா’ என்று நம் மாவட்டத்தின் பெயரில் விலைபோனது. தூத்துக்குடித் துறைமுகம் வழியாக இன்றும் போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இந்தச் செடிக்கு இடம் உண்டு. ஆடு மாடு வாய் வைக்காத பயிர் என்பதால் வேலிச் செலவு மிச்சம் என்பது உங்களுக்கே தெரியும்.

உலர்த்துவதில்தான் கவனம் வேண்டும். நிழலில், மெல்லிசாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டு, வெளிர்பச்சை மாறாமல் காயவைத்த இலைதான் விலை பெறும். வெயிலில் கருகியதும், குவித்துவைத்துப் பழுத்ததும் தேநீர்த் தூள் வாசனை அடிக்கும். கையில் எடுத்ததுமே தள்ளிவிடுவோம்.

இன்னொரு விஷயம், இது எல்லாருக்குமாக. நம் மாவட்டங்களில் இதை அவுரி என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் மற்ற ஊர்களிலும் சித்த நூல்களிலும் அவுரி என்றால் தலைமுடிக்குச் சாயம் போடும் நீலச்செடி. மலச்சிக்கலுக்கு என்று ‘அவுரிப்பொடி’ கேட்டு, சாயப்பொடியை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்து சந்தேகம் கேட்டவர்கள் உண்டு. நல்லவேளை, தின்பதற்கு முன் வந்தார்கள். கடையில் கேட்கும்போது நிலாவாரை என்று பெயர் சொல்லி, எதற்கு என்பதையும் சொல்லி வாங்குங்கள். வயிறு முறுக்கும் என்பதால் பழைய ஹக்கீம்கள் இதைத் தனியாகக் கொடுப்பதில்லை. ரோஜா இதழோ வாதுமை எண்ணெயோ சேர்ப்பார்கள். மருந்தின் கெடுதலைத் திருத்துவதற்காகச் சேர்க்கும் இந்தத் துணைச் சரக்குக்கு ‘முஸ்லிஹ்’ என்று பெயர். நாள்தோறும் தின்னும் பழக்கம் வேண்டவே வேண்டாம். குடல் தன் வேலையை மறந்துவிடும். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

கேள்வி: எங்கட ஊரில யுனானி வைத்தியரும் ஆயுர்வேதம் என்ட போர்டுக்குக் கீழதான் இருக்கிறார். ஏன் அப்படி?
– வாசகர், காத்தான்குடி

பதில்: உங்கள் இலங்கையின் 1961-ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டம், ஆயுர்வேதம் என்ற சொல்லுக்குள்ளேயே சித்தம், யுனானி, தேசிய சிகிச்சை எல்லாவற்றையும் அடக்கிவிட்டது. இந்தியாவில் அவை தனித்தனிப் பெயரோடு நிற்கின்றன. பலகை எதுவானாலும், பரியாரியார் எதைப் படித்துப் பதிவு செய்திருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் உம்மம்மா அரபுத்தமிழில் எழுதிவைத்த மருந்து நோட்டுப் புத்தகம் கிடைத்திருக்கிறது. ஒரு பக்கத்தில் ‘இத்ரீஃபல்’ என்று போட்டு, சரக்குகளையும் மிஸ்கால் கணக்கையும் எழுதியிருக்கிறார். அது என்ன? வீட்டில் செய்யலாமா? ஜெராக்ஸ் இணைத்திருக்கிறேன்.
– வாசகி, கீழக்கரை

பதில்: மகளே, இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் நான் திரும்பத் திரும்பப் படித்தது உன்னுடையதை. இத்ரீஃபல் என்பது வேறொன்றுமில்லை, திரிபலா. அரபியில் ‘பல்’ என்பதில் வருகிற அழுத்தமான ‘ப’ (p) இல்லை, அதனால் ‘ஃப’. இரண்டு மெய்கள் ஒட்டிக்கொண்டு சொல்லின் முதலில் வருவதும் அங்கே இல்லை, அதனால் முன்னால் ஓர் ‘இ’. நாம் ராமனை இராமன் ஆக்கவில்லையா, அப்படித்தான். இங்கிருந்து சூரணமாகப் போனது, தேனில் குழைந்து லேகியமாகத் திரும்பி, தமிழை அரபு எழுத்தில் எழுதிய உன் உம்மம்மாவின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

வெறும் மூன்று காய்களும் தேனும் மட்டுமாக இருந்தால், செய்முறை இப்படி. கொட்டை நீக்கிய தோலைத் தனித்தனியாக இடிக்க வேண்டும். கடுக்காய் கல் மாதிரி, நெல்லி ஒட்டிக்கொள்ளும். சேர்த்து இடித்தால் ஒன்று மாவாகும், இன்னொன்று நறுக்காகும். வெள்ளைத் துணியில் சலித்தெடுத்துப் பிறகு கலந்து, வாதுமை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் தேய்க்க வேண்டும். தூசி பறப்பது நின்று, பொடி ஈர மணல் போல் பிடிக்குப் பிடியாக நிற்கும் வரை. காய்களின் வறட்சி குடலைப் பிடிக்காமல் இருக்கத்தான் இந்த எண்ணெய். பிறகு பொடியைப் போல மூன்று மடங்கு எடை தேனை லேசாகச் சுடவைத்து, நுரையை எடுத்துவிட்டு, இறக்கி, பொடியைத் தூவிக் கிளற வேண்டும். பீங்கான் ஜாடி, உலர்ந்த மர அகப்பை.

ஆனால் உம்மம்மா எழுதியிருப்பது அதுவல்ல. ஜெராக்ஸில் ஆறாவது வரியில் ‘ஸகமூனியா’ என்று இருக்கிறது. அது ஒரு கொடியின் வேர்ப்பால், கடும்பேதி மருந்து. அந்த வரியில்தான் எண்ணும் மங்கியிருக்கிறது. அரபு எண்களில் 2-க்கும் 3-க்கும் ஒரு சின்ன வளைவுதான் வித்தியாசம், அந்த வளைவு இருக்கும் இடத்தில் எண்ணெய்க் கறை. ஒரு மிஸ்கால் என்பது நாலு கிராமுக்குச் சற்று மேல். இந்தச் சரக்கில் நாலு கிராம் கூடுவது என்பது விளையாட்டல்ல. ஊகித்து நிரப்பாதே. மற்ற பக்கங்களில் அவர் 3 போட்ட விதம் எப்படி என்று பார்த்தால் ஒருவேளை பிடிபடும். நோட்டைத் தபாலில் அனுப்ப வேண்டாம், தொலைந்துவிட்டால் மறுபடி கிடைக்காது. பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துப் பத்திரிகை முகவரிக்கு அனுப்பு. அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரும், பட்டம் பெற்ற யுனானி மருத்துவர் ஒருவரும் என்னோடு உட்காரச் சம்மதித்திருக்கிறார்கள். வாப்பாவின் பூதக்கண்ணாடி என் மேசையில்தான் இருக்கிறது. அதில் பார்த்தும் அந்த எண் தெரியவில்லை என்றால், அந்த வரியை அப்படியே விட்டுவிடுவோம்.